ஆறு மணிக் கூட்டம்

கூட்டம் என்று ஒன்றை அவர் நினைத்துவிட்டால் முதலில் கை மணிக்கூட்டைக் கழற்றுவார். மேசை இருந்தால் மேசையில் வைப்பார், இல்லாவிட்டால் முழங்காலில். கூட்டம் முடிந்தது என்று அவருக்குத் தோன்றிய பிறகுதான் அது திரும்பக் கைக்கு ஏறும். வலது கையில் சுட்டுவிரல் பாதிதான் இருந்தது. அதனால் வாரைக் கட்டி முடிக்க நேரம் எடுக்கும். இரண்டு பேர் படிக்கட்டில் நின்று தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிக் கதைத்தாலும் அவருக்கு அது கூட்டம்தான்.

கூட்டத்தில் அவர் அதிகம் பேசமாட்டார். எல்லாரும் பேசிக் களைத்து எழும்பப் போகிற நேரம் பார்த்து, "இன்னும் கதைக்காத ஆள் ஆர்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அவர் அப்படிச் சும்மா இருப்பதைத்தான் ஒருவராலும் தாங்க முடியாது.

பலெர்மோவில், வியா மக்வேதா என்கிற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்தில் நான் வாசல் பார்க்கிறேன். பெரிய கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி யன்னல் வைத்த சின்ன அறை, அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு அறைகள். எல்லாம் சேர்த்துப் போர்த்தினேரியா என்பார்கள். முன்னறையில் என் வேலை, பின்னறைகளில் எங்கள் குடும்பம். கடிதங்களைப் பிரித்துப் போடுவேன், படிகளைக் கழுவுவேன், வருகிறவர்களை யார் என்று கேட்பேன். என் கணவர் கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நாளிலிருந்து எங்களுக்கு இருந்த ஒரே நிலையான கூரை இதுதான்.

அவர் மூன்றாம் மாடியில் இருந்தார். ஜேர்மன்காரர். தன் நாட்டில் தொழிற்சங்கத் தலைவராக இருந்து, பிறகு தேர்தலில் நின்று, ஒரு மாநிலத்தின் தொழில் அமைச்சராகவும் இருந்தவர். கட்டடத்தில் எல்லாரும் அவரை 'ஒனொரேவோலே' என்று கூப்பிடுவார்கள். பாராளுமன்ற உறுப்பினர்களை இங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்பது. ஆனால் எங்கள் படிக்கட்டில் அந்தச் சொல்லில் பாதி மரியாதை, பாதி பகிடி. வீடு அவருடைய மனைவியின் வீடு. அந்த அம்மாவின் தகப்பன் இங்கிருந்து ஜேர்மனிக்குக் கூலி வேலைக்குப் போனவர். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில்தான் இவர் அவவைக் கண்டாராம். மனைவி இறந்த பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை.

எனக்கும் அவருக்கும் இத்தாலி மொழி இரவல் மொழி. அவர் அதை ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் பேசுவார். நான் பாதியை விழுங்குவேன். அவர் சொன்னவற்றை எங்களுடைய பேச்சிலேயே எழுதுகிறேன், என் காதுக்கு அப்படித்தான் கேட்டது. கட்டடத்தில் எல்லாரும் எனக்கு 'நீ' போட்டுப் பேசுவார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட. அவர் ஒருவர்தான் 'நீங்கள்' என்றார், அதுவும் முதல் நாளில் இருந்தே. எனக்கு அது முதலில் பயமாகத்தான் இருந்தது.

விரலைப் பற்றி நான் கேட்கவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அவரே ஒரு நாள் கடிதம் எடுக்க வந்தபோது சொன்னார்.

"பதினாறு வயசில கடைசல் மெசின் எடுத்தது. மெசினுக்கு மூடி போடச் சொல்லிச் சண்டை பிடிச்சன். அதுக்குப் பிறகு தொழிலாளர் சபைக்கு என்னைத் தெரிவு செய்தினம். எனக்கு முதல் வாக்குப் போட்டது இந்த விரல்தான்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. நான்தான் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் கடிதங்களை இன்னொரு முறை அடுக்கினேன்.

ஒரு முறை நாடு முழுக்க வேலைநிறுத்தம். காலையில் அவர் இறங்கி வந்து, யன்னலுக்கு முன்னால் நின்றார்.

"இண்டைக்கு நீங்கள் வேலை செய்யத் தேவையில்லை. அது உங்கட உரிமை."

"நான் சும்மா இருந்தால் கடிதங்களை ஆர் போடுறது?"

"அதைப் பற்றி நீங்கள் யோசிக்கக் கூடாது. இருங்கோ."

இருந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் நாள் பின்னேரம் வந்து பிரிக்காமல் கிடந்த கடிதக்கட்டை அவர் தூக்கிக்கொண்டு படியேறினார். ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் கீழே தள்ளிவிட்டு, மூச்சு வாங்க வாங்க இறங்கி வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது.

"சிஞோர், நான் வேலைநிறுத்தம் எண்டால், என்ர வேலையை நீங்கள் செய்யலாமோ?"

அவர் அப்படியே நின்றார். கழுத்தில் இருந்து நெற்றிவரை சிவந்தது. பிறகு கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்த மனிதர், வேலைநிறுத்தத்தை உடைத்தவராகிவிட்டார். சிறிது நேரத்தில் எழும்பி, மறுபடி மேலே ஏறி, கதவு கதவாகத் தட்டிக் கடிதங்களைத் திருப்பிக் கேட்டார். நாலாம் மாடியில் ஒருவர் தன் கடிதத்தை உடைத்து வாசித்துக்கொண்டே வந்து, "ஒனொரேவோலே, உங்களுக்கு விசரோ?" என்று கத்தியது கீழே எனக்குக் கேட்டது. மறுநாள் காலை அதே கட்டை என் யன்னலில் வைத்து, "இப்ப நீங்கள் போடலாம்" என்றார்.

இனி ஆறு மணிக் கூட்டத்துக்கு வருகிறேன்.

இந்த ஊரில் கட்டடச் சொந்தக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். சட்டப்படி அதற்கு இரண்டு அழைப்பு. முதல் அழைப்புக்குப் பெரும்பாலானோர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இரண்டாவதற்குக் கொஞ்சப் பேர் வந்தாலும் போதும். அதனால் முதல் அழைப்பை வேண்டுமென்றே காலை ஆறு மணி என்று போடுவார்கள், ஒருவரும் வராமல் இருப்பதற்காக. உண்மையான கூட்டம் மறுநாள் பின்னேரம் நடக்கும். இது பலெர்மோவில் எல்லாருக்கும் தெரியும். ஜேர்மன்காரருக்கும் முதல் வருடமே சொன்னார்கள்.

"தாளில ஆறு மணி எண்டு கிடக்கு," என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் காலை ஆறுக்குச் சட்டை, கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு வாசல் மண்டபத்துக்கு இறங்கி வருவார். நான் அவருக்கு ஒரு கதிரை போட்டுவைப்பேன். மணிக்கூட்டைக் கழற்றி முழங்காலில் வைப்பார். நிகழ்ச்சி நிரலை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிப்பார். கூரை ஓடு, மின்விளக்கு, தண்ணீர்த் தொட்டி என்று போகும். கடைசியில், "இன்னும் கதைக்காத ஆள் ஆர்?" மண்டபத்தில் அவரும் நானும் கூட்டுகிற தும்புக்கட்டையும்தான். பிறகு கொப்பியைத் திறந்து, "உங்களையும் எழுதட்டோ?" என்று கேட்பார். "வேண்டாம், வேண்டாம்" என்பேன். 'வந்தவர்: ஒருவர்' என்று எழுதி மூடுவார்.

ஒரு வருடம் அழைப்பைக் கட்டட நிர்வாகி கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு தபால் பெட்டியிலும் நான்தான் போட வேண்டும். போடுவதற்கு முன் ஒன்றை வாசித்தேன். நாலாவது விடயம்: போர்த்தினேரியாவை நீக்குவது, வாசலில் கமரா மணி பூட்டுவது, அறைகளைச் சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடுவது. வாசித்துவிட்டு எல்லாப் பெட்டியிலும் போட்டேன். ஒன்றையும் விடவில்லை.

பின்னேரம் கணவர் வந்ததும் தாளைக் காட்டினேன்.

"இஞ்சாரும், மேல இருக்கிற மனுசன் அமைச்சரா இருந்தவர். ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். போய்க் கேளுமன்," என்றார்.

"எனக்குக் கேக்க வராதப்பா."

"கேக்க வராட்டில் பெட்டியைக் கட்டும்."

கூட்டத்துக்கு முதல் நாள் மீன் கட்லட் பொரித்து, ஒரு தட்டில் மூடிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அவர் கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு, மேசையில் என்னை இருத்தினார். சுவரில் அவருடைய மனைவியின் படம் மட்டும்தான். பெரிய மனிதர்களோடு கைகொடுத்து நிற்கிற படம் ஒன்றும் இல்லை. நான் தட்டை வைத்தேன். அவர் மணிக்கூட்டைக் கழற்றி வைத்தார்.

"ஏதும் சொல்லவேணுமோ?"

தட்டை அவர் பக்கம் தள்ளி, "இல்லை," என்றேன்.

"அப்ப எனக்கும் சொல்ல ஒண்டும் இல்லை." கதவுவரை வந்து, "நாளைக்கு ஆறு மணிக்கு வாறன்," என்றார்.

படியில் இறங்கினேன். எல்லாம் தெரிந்துகொண்டே இப்படிச் சொல்கிறாரே என்று நினைத்தேன். அழைப்பு அவர் பெட்டியிலும் கிடந்ததுதானே.

மறுநாள் ஆறுக்கு வந்தார். கதிரை, மணிக்கூடு, கோட்டு. கூரையை வாசித்தார், விளக்கை வாசித்தார். நாலாவதை வாசித்தார். எந்த மாற்றமும் இல்லாத அதே குரல்.

"இன்னும் கதைக்காத ஆள் ஆர்?"

நான் தும்புக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். வெளியே வுச்சீரியாச் சந்தைப் பக்கம் மீன்பெட்டி ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போனது. பிறகு குப்பை வண்டி போனது. அவர் அப்போதும் காத்திருந்தார்.

"நீங்கள்தான் கதைக்கவேணும்!" என்று கத்திவிட்டேன். "உங்களிட்ட வாய் இருக்கு. நீங்கள் அமைச்சரா இருந்தனீங்கள். என்னை ஏன் இப்படி வைச்சுப் பாக்கிறியள்? இந்த அறையள் போனால் நாங்கள் எங்கை போறது? இரண்டாம் மாடிச் சிஞோரா குளிக்கிற அறையில விழுந்து கிடந்தது கமராவுக்குத் தெரியுமோ? தண்ணிச் சத்தம் நிக்கேல்லை எண்டு ஏறிப் போய்ப் பாத்தது நான். நாலாம் மாடிக்காரற்ர திறப்பு என்ர கொக்கியில தொங்குது. ஆர் எத்தினை மணிக்கு இருமுவினம் எண்டு எனக்குத் தெரியும்!"

அழுகையும் வந்தது. அவர் தலையை நிமிர்த்தாமல், நான் சொன்னதை எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்த பிறகு பேசினார். அவர் அவ்வளவு நேரம் பேசியதை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அவர் சங்கத்தில் இருந்த காலத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையை மூடினார்களாம். நாள்கணக்கில் மேசையில் இருந்து, வேலை போனவர்களுக்கு நல்ல ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம்.

"என்னைத் தோளில தூக்கிச்சினம். கட்சி என்னைக் கண்டது அப்பதான். பேந்து தேர்தல், பேந்து அமைச்சர். எல்லாம் அந்த ஒரு தாளில ஏறினது. ஆனால் துப்புரவு செய்யிற பொம்பிளையள் வேற கொம்பனியின்ர ஆக்கள். நாங்கள் இருந்து கதைச்ச மேசையை ஒவ்வொரு காலமையும் துடைச்சது அவையள்தான். அவையளுக்காகவும் நான் கதைக்கிறன் எண்டு சொன்னன். ஒரு நாளும் அவையளைக் கேக்கேல்லை. கடைசியில தாளில அவையின்ர பேர் இல்லை."

"பேந்து?"

"கன வருசத்துக்குப் பிறகு ஒரு தேர்தல் கூட்டம். அவையில ஒராள் பின்னுக்கு நிண்டவ. கேள்வி இருக்கோ எண்டு எல்லாரையும் கேட்டன். அவவைப் பாக்காமல் கேட்டன். கூட்டம் முடிய அவதான் கதிரையளை அடுக்கினவ. அந்தத் தேர்தலில நான் தோத்தன். என்ர சொந்த ஊரிலயே தோத்தன்."

கோட்டுப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒரு சொந்தக்காரர் தான் வரமுடியாவிட்டால் தன் இடத்தில் இன்னொருவரை அனுப்பலாம். அதற்கான தாள், தெலெகா என்பார்கள். அவருடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அவருடைய இடத்தில் இருந்து பேசவும் கை உயர்த்தவும் என் பெயர்.

"நாளைக்கு நான் வரேல்லை," என்றார்.

மறுநாள் பின்னேரம் மண்டபத்தில் கதிரைகளைப் போட்டுவிட்டு நின்றபோது கணவர் உணவகத்தில் இருந்து தொலைபேசி எடுத்தார்.

"இஞ்சாரும், உம்மட ஜேர்மன்காரர் இஞ்சை வந்து இருக்கிறார்! சாளை மீன் பாஸ்தாவுக்குச் சொல்லிப்போட்டு இருந்து சாப்பிடுறார்! அங்கை ஆர் கதைக்கிறது?"

பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஜேர்மன்காரர் வழக்கமாக இருக்கும் கதிரையில் போய் இருந்தேன். இரண்டாம் மாடிச் சிஞோராவின் மகன் என்னைப் பார்த்தார். அவர் அங்கே வசிப்பதில்லை, தாயோடு கூட்டத்துக்கு மட்டும் வருவார். கமரா மணி அவருடைய யோசனைதான்.

"நீ ஏன் இருக்கிறாய்? தண்ணிப் போத்தில் கொண்டு வா."

தாளை நிர்வாகியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு வாசித்தார்.

"தெலெகா. ஒழுங்கான தெலெகாதான்."

"இது என்ன பகிடி? அவள் வேலைக்காரி!"

"சட்டப்படி என்னைத் தவிர ஆரையும் அனுப்பலாம், சிஞோர். அவ இருக்கலாம்."

நாலாவது விடயம் வந்தது. எழும்பி நின்று பேசினேன். முதல் நாள் காலையில் கத்தியதில் பாதிகூட வரவில்லை. இத்தாலிச் சொற்கள் எல்லாம் எங்கோ ஓடிவிட்டன. தண்ணீர்ச் சத்தம், திறப்பு, இருமல் என்று ஏதோ சொன்னேன். ஒருவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, கேட்டம். வாக்கெடுப்பம்," என்றார் மகன். ஒவ்வொரு வருடமும் அவர் தன் கையைத் தூக்க மாட்டார், தாயின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவார். இப்போதும் பிடித்துவிட்டார்.

அப்போது என் வாயில் அது வந்தது.

"இன்னும் கதைக்காத ஆள் ஆர்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் இருக்கவில்லை, நின்றேன். அவரைப் போலச் சும்மா நின்றேன். சிரிப்பு நின்றது. சிஞோராவுக்குக் காது மந்தம். எல்லாரும் ஏன் அமைதியாக இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தவ, என்னைப் பார்த்து, மகனைப் பார்த்து, தன் மணிக்கட்டைப் பார்த்தா.

"கையை விடு," என்றா மகனுக்கு. "நான் விழுந்தால் உன்ர மெசின் படி ஏறி வருமோ?"

ஐந்து கை நீக்க, ஆறு கை வைத்திருக்க. ஆறில் ஒன்று ஜேர்மன்காரருடையது, என் தோளில் இருந்து உயர்ந்தது. மகன் விடவில்லை. மதியம்வரை மட்டும் வேலை என்று இன்னொரு வாக்கெடுப்பு வைத்து அதில் வென்றார். அறைகள் தப்பின. அன்றிலிருந்து பின்னேரங்களில் வேறு ஒரு வீட்டில் துப்புரவுக்குப் போகிறேன். அன்று கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் நின்று கணவருக்குத் தொலைபேசி எடுத்து, "வீடு இருக்கு," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை ஜேர்மன்காரர் யன்னலுக்கு வந்தார்.

"கதைக்காத ஆள் ஆரா இருந்தது?"

"இரண்டாம் மாடிச் சிஞோரா."

"கதைச்சவவோ?"

"ஓம்."

"நல்லது." படியேறிப் போய்விட்டார். எங்கள் வீடு இருக்கிறதா, போய்விட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது எனக்குள் கன காலம் கிடந்து அரித்தது. அந்தக் கை ஒன்று மாறியிருந்தால் அவர் மூன்றாம் மாடியில் தன் கட்டிலில் படுத்திருப்பார். நாங்கள் தெருவில் நின்றிருப்போம். அந்தத் துப்புரவுப் பெண்களின் பாரத்தை இறக்கிவைக்க எங்கள் கூரையைப் பாவித்தாரோ என்று நினைப்பேன். என்னை ஒரு ஆளாக மதித்தவரும் அவர்தானே என்றும் நினைப்பேன். காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது. கணவர் அவர் பெயரைக் கேட்டாலே எழும்பிப் போய்விடுவார். நான் காலை வணக்கத்துக்கு மேல் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அடுத்த வருடமும் ஆறு மணிக்குக் கதிரை போட்டேன். அவர் என்னையும் எழுதட்டோ என்று கேட்டார். எழுதுங்கோ என்றேன். 'வந்தவர்கள்: இருவர்' என்று எழுதி மூடினார்.

பிறகு அவருக்கு ஞாபகம் தவறத் தொடங்கியது. மகள் வந்து ஜேர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போனா. வாசலில் வாடகைக் கார் நின்றது. மகளும் சாரதியும் எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவர் மணிக்கூட்டைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார்.

"போயிட்டு வாங்கோ," என்றேன். தமிழில்தான் வந்தது.

தலையை ஆட்டினார். மகள்தான் மணிக்கூட்டைக் கட்டிவிட்டா.

போன மாதம் அந்த மகள் வீட்டை விற்க வந்தா. தகப்பன் இறந்து சில வாரங்கள் ஆகிறது என்று சொல்லி, ஒரு ஜேர்மன் பத்திரிகைத் துண்டைக் காட்டினா. அவர் வகித்த பதவிகள் எல்லாம் வரிசையாக இருக்கிறதாம். இளமையான முகம், கையை உயர்த்திப் பேசுகிற படம். அந்த ஆளை எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் கணவருக்கு லீவு. சமைக்கிற மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். கத்தி நின்றது. திரும்ப ஓடியது. திரும்ப நின்றது.

"அண்டைக்கு அந்த மனுசன் சாப்பிடேல்லை."

"எண்டைக்கு?"

"உம்மட கூட்டத்தண்டைக்கு. சாளை மீன் பாஸ்தா போன மாதிரியே குசினிக்குத் திரும்பி வந்தது. நான்தான் குப்பையில கொட்டினனான்."

"சாப்பிடுறார் எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"முதல்ல அப்பிடித்தான் நினைச்சன். பேந்து வெளியில போய்ப் பேசினனான். ஏப்ரனோட, சாப்பிட வந்த சனத்துக்கு முன்னால. என்ர மனுசி அங்கை தனிய நிக்கிறாள், நீர் இஞ்சை இருந்து திண்டுகொண்டு இருக்கிறீர் எண்டு கத்திப்போட்டன். அந்த வெக்கத்திலதான் உமக்குச் சொல்லேல்லை."

"அவர் என்ன சொன்னவர்?"

"'கூட்டம் முடிஞ்சுதோ?' எண்டு கேட்டவர். இல்லை எண்டன். கனநேரம் அப்பிடியே இருந்தவர். நீர் போன் எடுத்தாப் பிறகு நான் போய், வீடு இருக்காம் எண்டு சொன்னன்."

வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"மேசையில தட்டுக்குப் பக்கத்தில மணிக்கூடு கிடந்தது. அதை எடுத்துக் கையில கட்டினார். அந்த அரை விரலோட கட்டி முடிக்கக் கன நேரம் எடுத்தது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."